புரோட்டானுக்கு மட்டும் வழிவிடும் சவ்வு

1965 ஆகஸ்ட் 21. கார்டன் கூப்பர், சார்லஸ் கான்ராட் என்ற இரண்டு அமெரிக்க விண்வெளி வீரர்கள் ஜெமினி 5 கலத்தில் புவியைச் சுற்றப் புறப்பட்டார்கள். திட்டமிட்டது எட்டு நாள் பயணம். அதற்கு முன் எந்த மனிதரும் அவ்வளவு நாள் விண்வெளியில் தங்கியதில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் பறந்த ஜெமினி 4, தன் நான்கு நாள் பயணத்தை பேட்டரியை வைத்தே சமாளித்துவிட்டது. எட்டு நாளுக்கு வேண்டிய பேட்டரியை ஏற்றினால் கலம் எடை தாங்காது. அதனால் விண்வெளியில் முதன்முறையாக, மனிதர் சென்ற ஒரு கலத்துக்கு எரிபொருள் மின்கலம் மின்சாரம் கொடுத்தது.

புறப்பட்ட சில மணி நேரத்திலேயே சிக்கல் வந்தது. ஆக்சிஜன் தொட்டியைச் சூடாக்கும் கருவி பழுதாகி, தொட்டியின் அழுத்தம் மளமளவென்று சரிந்தது. வீரர்கள் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். திட்டமிட்டதைவிட மிகக் குறைந்த அழுத்தத்திலும் மின்கலம் நிற்காமல் ஓடியது. கூப்பரும் கான்ராடும் எட்டாம் நாள், ஆகஸ்ட் 29 அன்று, பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள்.

அந்த மின்கலத்தின் நடுவே இருந்தது ஒரு பிளாஸ்டிக் தாள். பாலிஸ்டைரீனை அடிப்படையாகக் கொண்ட தாள் அது. நம் வீட்டில் புது மிக்ஸியைச் சுற்றி வரும் தெர்மகோலும் பாலிஸ்டைரீன்தான். அதே குடும்பத்துப் பொருளை அமிலத்தில் பதப்படுத்தி, மின்சாரம் தயாரிக்கும் வேலைக்கு வைத்திருந்தார்கள். இந்தத் தாளுக்குப் பின்னால் வந்தவற்றின் கதைதான் எரிபொருள் மின்கலத்தின் கதை. ஹைட்ரஜனைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோம். ஹைட்ரஜனை மின்சாரமாக மாற்றும் இந்தச் சவ்வைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

எரியாமல் எரியும் வாயு

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நீர் உண்டாகும். நேரடியாகச் சேரவிட்டால் வெடிக்கும். கிடைக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகப் போய்விடும். எரிபொருள் மின்கலம் இவ்விரண்டையும் ஒன்றுசேர விடுகிறது. ஆனால் சுற்று வழியில் போகச் சொல்கிறது.

ஒரு சவ்வின் இடப்பக்கம் ஹைட்ரஜன், வலப்பக்கம் காற்று. இடப்பக்கத்து வினையூக்கியில் படும் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு புரோட்டான்களாகவும் இரண்டு எலக்ட்ரான்களாகவும் பிரிகிறது. புரோட்டான் சவ்வின் ஊடாகப் போகலாம். எலக்ட்ரானுக்கு அங்கே அனுமதி இல்லை. அது வெளிக்கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போக வேண்டும். அந்தக் கம்பியில் ஒரு மோட்டாரை வைத்தால் மோட்டார் ஓடும். வலப்பக்கத்தில் புரோட்டானும் எலக்ட்ரானும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகின்றன. புகை இல்லை, கரி இல்லை. ஒரு கிலோ ஹைட்ரஜன் உள்ளே போனால் ஒன்பது கிலோ நீர் வெளியே வரும்.

இந்தத் தத்துவம் புதிதல்ல. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கிறிஸ்டியன் ஷோன்பைன், வேல்ஸைச் சேர்ந்த வில்லியம் குரோவ் ஆகிய இருவரும் 1839 வாக்கிலேயே இதைக் கண்டறிந்தார்கள். குரோவ் பயன்படுத்தியது நீர்த்த கந்தக அமிலமும் பிளாட்டினமும். அமிலம் திரவம் என்பதால் கசியும், அரிக்கும், கலத்தைச் சாய்த்தால் கொட்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கருவி ஆய்வகத்தைத் தாண்டி வெளியே வராததற்கு அது ஒரு பெரிய காரணம்.

1955-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தாமஸ் கிரப் என்ற வேதியியலாளர் வேறு கோணத்தில் யோசித்தார். அமிலத்தைத் திரவமாக வைத்திருக்காமல், ஒரு பாலிமர் சங்கிலியிலேயே கட்டிப்போட்டுவிட்டால் என்ன? பாலிஸ்டைரீன் சங்கிலியில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளைக் கோத்த தாள்கள் அப்போதே நீரைச் சுத்திகரிக்கும் துறையில் இருந்தன. அந்தத் தாளையே மின்பகுளியாக வைத்தார் கிரப். சில ஆண்டுகளில் அவருடைய சக ஆய்வாளர் லியோனார்ட் நீட்ராக், தாளின் மீதே பிளாட்டினத்தைப் படியவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஜெமினி 5-இல் பறந்தது இந்த இருவரின் வேலை.

தெர்மகோலிலிருந்து தோசைக்கல்லுக்கு

அந்தத் தாளுக்கு ஆயுள் குறைவு. மின்கலம் ஓடும்போது சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அதிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் பிறக்கின்றன. ஓர் எலக்ட்ரானுக்காக எதையும் கடிக்கும் துகள்கள் இவை. பாலிஸ்டைரீன் சங்கிலியில் கார்பனோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் இவற்றுக்கு எளிய இரை. சங்கிலி அறுந்து, துண்டுகள் நீரில் கரைந்து வந்தன. ஜெமினி மின்கலம் தந்த நீர் குடிக்கத் தகுதியில்லாமல் போனது. வீரர்களுக்குக் குடிநீரைத் தனியாகவே எடுத்துச்செல்ல வேண்டியிருந்தது. நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களில் நாசா இந்த வகையை விட்டுவிட்டு, காரக் கரைசலில் இயங்கும் வேறொரு மின்கலத்தை வைத்துக்கொண்டது.

சவ்வுக்கு மறுவாழ்வு தந்தது நாம் தினமும் கையாளும் இன்னொரு பாலிமர். 1938 ஏப்ரல் 6 அன்று டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்பவர் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை. எடை மட்டும் குறையாமல் இருந்தது. உருளையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகுபோல ஒரு வெள்ளைத் தூள். அதுதான் டெஃப்லான். நான்ஸ்டிக் தோசைக்கல்லின் மேல் இருக்கும் பூச்சு. தோசை அதில் ஒட்டாததற்கும் அமிலம் அதை அரிக்காததற்கும் காரணம் ஒன்றே: கார்பன் சங்கிலியைச் சுற்றிலும் ஃபுளோரின் அணுக்கள் கவசம்போல் அடைத்து நிற்கின்றன. கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் இடையே உள்ள பிணைப்பு, கரிம வேதியியலில் மிக வலுவான ஒற்றைப் பிணைப்புகளில் ஒன்று.

1960-களில் அதே டூபான்டில் வால்தர் குரோட் இந்த டெஃப்லான் முதுகெலும்பில் கிளைகளைப் பொருத்தினார். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு சல்ஃபோனிக் அமிலத் தொகுதி. பிறந்த பொருளின் பெயர் நாஃபியான். தண்ணீரை அண்டவிடாத முதுகெலும்பு, தண்ணீரை வாரி இழுக்கும் கிளை நுனி. நேர் எதிரான இரண்டு குணங்கள் ஒரே மூலக்கூறில் பிணைக்கப்பட்டுவிட்டன. பரவலாகப் பயன்படும் வகையில், டெஃப்லான் சங்கிலியின் கண்ணிகளான டெட்ராஃபுளூரோஎத்திலீன் அலகுகளில் சராசரியாக ஆறேழுக்கு ஒன்று என்ற கணக்கில் கிளைகள் அமைந்திருக்கின்றன. கிளைகள் அதிகமானால் புரோட்டான் ஓட்டம் பெருகும், ஆனால் தாள் தண்ணீரில் ஊறிக் குழைந்துபோகும். குறைந்தால் தாள் உறுதியாக நிற்கும், ஓட்டம் தடைப்படும்.

இந்தப் பொருள் முதலில் பெருமளவில் பயன்பட்டது மின்கலத்தில்கூட அல்ல. உப்புநீரிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலைகளில். பாதரசத்தை வைத்து நடந்துவந்த அந்தத் தொழிலுக்கு, இந்தச் சவ்வு வந்த பிறகு பாதரசத்தைக் கைவிட வழி பிறந்தது. சூழலுக்கு இது செய்த முதல் நன்மை அது.

நீர் இருந்தால்தான் வழி

நாஃபியான் தாளை நீரில் நனைத்தால் ஒரு வியப்பான ஏற்பாடு தானாகவே நடக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் பிரிவதுபோல, டெஃப்லான் பகுதி ஒருபுறம் ஒதுங்குகிறது. அமில நுனிகள் நீரோடு சேர்ந்து நுண்ணிய குளங்களாகத் திரள்கின்றன. 1980-களின் தொடக்கத்தில் டூபான்ட் ஆய்வாளர் கியர்க்கி முன்வைத்த படம் இது: சுமார் 4 நானோமீட்டர் அகலமுள்ள குளங்கள், அவற்றை இணைக்கும் 1 நானோமீட்டர் வாய்க்கால்கள். குளங்களாக இல்லாமல் நீண்ட உருளைகளாக இருக்கலாம் என்று 2008-இல் வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. நீர்வழிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்பதில் மட்டும் எல்லோருக்கும் உடன்பாடு.

அந்த வழிகளில் புரோட்டான் எப்படிப் போகிறது? கட்டடத்துக்குக் கூரை கான்கிரீட் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். ஆள் நகர்வதில்லை, சட்டிதான் நகர்கிறது. நீர் மூலக்கூறுகளும் இப்படித்தான். ஒரு மூலக்கூறு ஒரு புரோட்டானை வாங்கியதும், தன்னிடம் இருந்த இன்னொன்றை அடுத்த மூலக்கூறுக்குத் தள்ளுகிறது. இந்தக் கருத்தின் விதையை 1806-லேயே தியோடர் குரோத்தஸ் எழுதிவைத்தார். அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. சில புரோட்டான்கள் நீர் மூலக்கூறின் முதுகில் ஏறிச் சவாரி செய்வதும் உண்டு.

ஓட்டத்தின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ஆம்பியர் என்பது இந்த மின்கலங்களுக்குச் சாதாரண வேகம். அப்போது விரல் நகத்தளவு சவ்வின் வழியே நொடிக்கு 62,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட புரோட்டான்கள் கடக்கின்றன. அதே நேரம் ஹைட்ரஜன் வாயுவோ எலக்ட்ரானோ தாராளமாகக் கசிந்துவிடக் கூடாது.

சவ்வின் பலவீனமும் இங்கேதான் தொடங்குகிறது. வரிசையில் ஆள் இல்லாவிட்டால் சட்டி நகராது. சவ்வு காய்ந்தால் புரோட்டான் ஓட்டம் நின்றுவிடும். சரி, நீரை அதிகமாக விடலாமே என்றால், மறுபக்கம் ஆக்சிஜன் நுழையும் நுண்துளைகளில் வெள்ளம் தேங்கி மூச்சடைக்கும். நெல் வயலுக்கு நீர் கட்டுபவரின் கவலைதான் மின்கலப் பொறியாளரின் கவலையும்: பயிர் வாடவும் கூடாது, அழுகவும் கூடாது. நீர் கொதித்துப் போகாமல் இருக்க, இந்த மின்கலங்கள் பெரும்பாலும் 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஓடுகின்றன.

மூவர் சந்திக்கும் இடம்

சவ்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் மின்முனை சரியில்லாவிட்டால் பயன் இல்லை. ஆக்சிஜன் பக்கத்து மின்முனையை எடுத்துக்கொள்வோம். வினை நடக்க மூன்று பேர் ஒரே புள்ளிக்கு வந்தாக வேண்டும்: துளை வழியே ஆக்சிஜன், கார்பன் வழியே எலக்ட்ரான், பாலிமர் வழியே புரோட்டான். மூவரும் சந்திக்கும் இடத்தில் பிளாட்டினமும் இருக்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் அங்கே இருக்கும் பிளாட்டினம் வீண்.

தொடக்க கால மின்முனைகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் பிளாட்டினம் தேவைப்பட்டது. சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்த பிளாட்டினம் மட்டுமே வேலை செய்தது. உள்ளே தள்ளி இருந்ததற்குப் புரோட்டான் போய்ச் சேரவில்லை. இந்த முட்டுக்கட்டையை உடைத்தது அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம். 1980-களில் இயன் ரெயிஸ்ட்ரிக், மின்முனைக்குள்ளேயே நாஃபியான் கரைசலை ஊறவிட்டார். புரோட்டானுக்கு உள்ளேவரை பாதை கிடைத்தது. அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சுப்பிரமணியம் சீனிவாசனும் அவருடைய குழுவினரும் இந்த வழியை மேம்படுத்தி, பத்தில் ஒரு பங்கு பிளாட்டினத்திலேயே நல்ல மின்னோட்டம் பெற முடியும் என்று காட்டினார்கள். தொடர்ந்து மஹ்லான் வில்சனும் ஷிம்ஷான் காட்டஸ்ஃபெல்டும் பிளாட்டினம் தாங்கிய கார்பன் தூளையும் நாஃபியான் கரைசலையும் மைபோலக் குழைத்து, சவ்வின்மேல் மெல்லிய பூச்சாக ஏற்றினார்கள். இன்று வரை மின்முனை செய்யும் முறைக்கு அடிப்படை இதுவே.

இந்த மை ஒரு சமையல் பக்குவம். கார்பன் துகள் சில பத்து நானோமீட்டர்; அதன்மேல் பிளாட்டினம் இரண்டு முதல் ஐந்து நானோமீட்டர்; எல்லாவற்றையும் போர்த்தி சில நானோமீட்டர் கனத்தில் பாலிமர் படலம். பாலிமர் கூடினால் ஆக்சிஜனுக்கு வழி அடைபடும். குறைந்தால் புரோட்டானுக்கு வழி இல்லை. மின்முனைக்கு வெளியே வாயு பரவும் கார்பன் தாளிலும் டெஃப்லான் பூசப்படுகிறது, நீர் ஒட்டாமல் வழிந்தோட. ஆக, ஒரே ஃபுளோரின் குடும்பத்துப் பாலிமர் ஓரிடத்தில் நீரைத் தேக்குகிறது, இன்னோரிடத்தில் வடிய வைக்கிறது.

பிளாட்டினத்தையே கைவிட முடியுமா என்ற முயற்சியிலும் பாலிமர் உதவிக்கு வந்தது. மின்சாரம் கடத்தும் பாலிமர்களான பாலிபிரோலும் பாலிஅனிலினும் நைட்ரஜன் நிறைந்தவை. 2006-இல் லாஸ் அலமோஸ் ஆய்வாளர்கள் ராஜேஷ் பாஷ்யமும் பியோட்டர் ஜெலினேயும் கார்பன் மீது பாலிபிரோலையும் கோபால்ட்டையும் சேர்த்து ஒரு வினையூக்கி செய்தார்கள். 2011-இல் பாலிஅனிலினை இரும்பு, கோபால்ட் ஆகியவற்றோடு உயர் வெப்பத்தில் சுட்டெடுத்து இன்னும் சிறந்த ஒன்று உருவானது. பிளாட்டினத்தின் ஆயுளை இவை இன்னும் எட்டவில்லை. ஆனாலும் மலிவான இரும்பால் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று தெரிந்திருப்பதே பெரிய நம்பிக்கை.

மெலிந்தும் உடையாமல்

பழைய நாஃபியான் 117 தாளின் கனம் சுமார் 180 மைக்ரான். இன்று கார்களுக்கு வரும் சவ்வுகள் 10 முதல் 20 மைக்ரானுக்குள் இருக்கின்றன. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. கனம் குறைந்தால் புரோட்டானுக்குத் தூரம் குறையும், மின்னிழப்பு குறையும். ஆனால் நனையும்போது ஊதி, காயும்போது சுருங்கி, ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தால் மெல்லிய தாள் கிழியும். கான்கிரீட்டுக்குள் கம்பி வைப்பதுபோல, சவ்வுக்குள் நுண்துளை டெஃப்லான் வலை ஒன்றை வைத்து இதைச் சமாளித்தார்கள். டெஃப்லானை மெதுவாக இழுத்தால் அறுந்துவிடும்; சூடாக்கி வெடுக்கென்று இழுத்தால் வலைபோல விரியும் என்று 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்திருந்தார். மழைக்கோட்டுத் துணியில் பயன்படும் அந்த வலைதான் சவ்வுக்கும் எலும்புக்கூடானது.

வேதித் தாக்குதலும் நிற்கவில்லை. நாஃபியானைக்கூடத் தனி உறுப்புகள் சங்கிலி நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. கொஞ்சம் இரும்பு அயனி கலந்துவிட்டால் வேகம் கூடும். வெளியேறும் நீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தே ஒரு சவ்வின் உடல்நிலையைக் கணிக்கிறார்கள். இதற்கு மருந்தாக சீரியம் அயனிகளைச் சவ்வில் சேர்க்கிறார்கள். தனி உறுப்புகளை அவை இடைமறித்து நீராக்கிவிடுகின்றன.

இந்த மேம்பாடுகள் எல்லாம் சேர்ந்துதான் 2014 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டாவின் மிராய் கார் விற்பனைக்கு வர முடிந்தது. ஓடும்போது ஒரு மின்கலம் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அப்படிப்பட்ட 370 கலங்களை அடுக்கி 114 கிலோவாட் திறன் பெற்றார்கள்.

அழியாமையின் விலை

எது நாஃபியானைக் காப்பாற்றியதோ அதுவே இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. இந்தக் குடும்பத்துச் சிறு மூலக்கூறுகள் நீரிலும் மண்ணிலும் மனித இரத்தத்திலும் தங்கிவிட்டன. ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் இந்த வகைப் பொருள்களை மொத்தமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2023-இல் ஐரோப்பிய இரசாயன முகமையிடம் முன்மொழிந்தன. சவ்வு என்பது அசையாத பெரிய பாலிமர், அதை அதே தட்டில் வைக்கலாமா என்பது விவாதம். ஆனால் அதைத் தயாரிக்கும்போதும், ஆயுள் முடிந்து எறியும்போதும் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். தூய ஆற்றல் என்று பெயர் வைத்துவிட்டு நஞ்சை இன்னோர் ஊரின் ஆற்றில் விட்டால் அது தூய்மை ஆகாது.

அதனால் ஃபுளோரின் இல்லாத சவ்வுகளைத் தேடுகிறார்கள். பென்சீன் வளையங்களாலான உறுதியான முதுகெலும்பில் அமிலத்தைக் கோர்ப்பது ஒரு வழி. தீயணைப்பு வீரர்களின் உடையில் பயன்படும் பாலிபென்சிமிடசோலில் பாஸ்பாரிக் அமிலத்தை ஊறவைப்பது இன்னொன்று. 1995-இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகக் குழு இதை முன்வைத்தது. இதற்கு நீர் தேவையில்லை, 160 டிகிரியிலும் ஓடும், ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தாலும் தாங்கும். மூன்றாவது வழி, புரோட்டானுக்குப் பதில் ஹைட்ராக்சைடு அயனியை எதிர்த்திசையில் அனுப்பும் காரச் சவ்வு. அங்கே பிளாட்டினத்தின் இடத்தில் மலிவான உலோகங்களை வைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த ஹைட்ராக்சைடே சவ்வின் நேர்மின் தொகுதிகளைத் தாக்குகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் இடையூறு செய்கிறது. ஒவ்வொரு வழியிலும் ஒரு முள் இருக்கிறது. எடுக்க முடியாத முள் என்று எதுவும் இல்லை.

நம் வாசலில்

இந்தத் துறை நமக்குத் தூரத்தில் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தோடும் ஒரு தனியார் நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கிய மின்கலம் 2020-இல் ஒரு காரை ஓட்டிக் காட்டியது. 2024 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி. சி-58 சுமந்துசென்ற இஸ்ரோவின் பாலிமர் சவ்வு மின்கலம், 350 கிலோமீட்டர் உயரத்தில் 180 வாட் மின்சாரம் தந்தது. 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயிலின் ஆற்றல் பெட்டி சோதித்துப் பார்க்கப்பட்டது.

2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிகளில் ஒரு முக்கிய வகைக்கும் இதே சவ்வுதான் வேண்டும். அந்தச் சவ்வை உலகுக்குத் தருபவை பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் உள்ள சில நிறுவனங்கள். சூரிய ஒளி நம்முடையது, நீர் நம்முடையது, தொழிலாளர் நம்மவர். நடுவில் இருக்கும் தாள் மட்டும் வெளியிலிருந்து வருமானால், எண்ணெய்க்குக் கைநீட்டிய கை இனித் தாளுக்கு நீளும்.

பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் பாலிமர் பாடம் கடைசிப் பக்கங்களில் வருகிறது. மதிப்பெண் கணக்கைப் பார்த்து அதைத் தாண்டிப் போகும் மாணவர்கள் உண்டு. அந்தப் பாடத்தைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஃபுளோரின் இல்லாமல், நீர் குறைந்தாலும் ஓடி, பத்தாண்டு உழைக்கும் ஒரு மலிவான சவ்வு உலகில் இன்னும் யாரிடமும் இல்லை. அதைச் செய்யத் தேவையான முதல் பாடம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாதீர்கள்.